கான்கிரீட் மூடிய பிறகு காகிதம்தான் சாட்சி: பெரிய கட்டுமானங்களில் பதிவேடுகள், ஓர் அறிமுகம்

இரவு பத்து மணி. கட்டடம் முழுவதையும் தாங்கப்போகும் ஒரே கான்கிரீட் பலகையான அடித்தள ராஃப்ட்டில் கம்பி கட்டும் வேலை முடிந்துவிட்டது. கீழ்வலை, மேல்வலை, இரண்டுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் 'சேர்' (நாற்காலி) கம்பிகள், தூண்கள் எழும்ப வேண்டிய இடங்களில் நிமிர்ந்து நிற்கும் ஸ்டார்ட்டர் கம்பிகள் என்று எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகின்றன. வெளியே கான்கிரீட் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. விடிவதற்குள் இந்தக் கம்பிகள் மறைந்துவிடும். கட்டடம் நிற்கிற காலம் முழுக்க அவை உள்ளேதான் இருக்கும். ஆனால் யார் கண்ணுக்கும் படாது.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து, "இந்த இடத்தில் கம்பி சரியாகத்தான் கட்டப்பட்டதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கட்டியவர் ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ஊர் திரும்பியிருப்பார். சரிபார்த்த பொறியாளர் வேறு நிறுவனத்தில், ஒருவேளை துபாயில் இருப்பார். அவர் நினைவில் அந்த இரவும் மற்ற நூறு இரவுகளும் ஒன்றாகக் கலந்திருக்கும். மிச்சம் இருப்பது ஒரு தாள். பணியிடத்தில் அதைப் 'போர் கார்டு' என்பார்கள். கான்கிரீட் ஊற்ற (ஆங்கிலத்தில் 'போர்') அனுமதி தரும் சீட்டு அது.

சென்ட்ரிங் பலகைகளும் முட்டுகளும் உறுதியாக இருக்கின்றன என்று ஒருவர் கையெழுத்திடுவார். கம்பியின் விட்டம், இடைவெளி, கம்பி பலகையைத் தொடாமல் இருக்க அடியில் வைக்கும் கவர் பிளாக் ஆகியவற்றைப் பார்த்து இன்னொருவர். தண்ணீர்க் குழாய்க்கும் மின்வயருக்கும் விட வேண்டிய துளைகள் விடப்பட்டிருக்கின்றன என்று அந்தந்தப் பிரிவினர். மட்டம் சரி என்று சர்வேயர். கடைசியாக, உரிமையாளர் தரப்புப் பொறியாளர். இத்தனை பேரும் கையெழுத்திட்ட பிறகே முதல் லாரி பம்பை நெருங்கும். ஊற்றி முடித்ததும் அதே தாளில் கான்கிரீட்டின் தரம், அளவு, முதல் லாரியும் கடைசி லாரியும் வந்த நேரம், சோதனைக்கு எடுத்த கியூப்களின் (கனசதுர மாதிரிகளின்) எண்கள், நடுவில் மழை பெய்ததா என்பது வரை ஏறும்.

பெரிய கட்டுமானத்தில் பதிவேடுகளைப் பராமரிப்பது என்றால் என்ன என்று கேட்கும் இளம் பொறியாளர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தாளைத்தான். கட்டுமானத்தில் முக்கியமான வேலைகளெல்லாம் மறைந்துபோகும் வேலைகள். பைல் (ஆழ அடித்தளத் தூண்) மண்ணுக்குள் போகிறது, கம்பி கான்கிரீட்டுக்குள் போகிறது, குழாய் சுவருக்குள் போகிறது, நீர்த்தடுப்புப் பூச்சு டைல்ஸுக்கு அடியில் போகிறது. மறைவதற்கு முன் பார்த்தவர், பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே எழுதி, பிறர் தேடினால் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். இந்தத் துறை முழுவதும் இந்த ஒரு வேலையிலிருந்து கிளைத்ததுதான்.

ஆவணம் வேறு, பதிவு வேறு

இரண்டு சொற்களையும் ஒன்றாகப் புழங்குகிறோம். தொழிலில் அவை வேறு வேறு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது ஆவணம்: ஒப்பந்தம், வரைபடம், தொழில்நுட்ப விவரக்குறிப்பு, வேலைமுறைத் திட்டம். என்ன நடந்தது என்று சொல்வது பதிவு: போர் கார்டு, சோதனை முடிவு, அளவுக் குறிப்பு, அன்றாட நாட்குறிப்பு, கூட்டக் குறிப்பு. ஆவணம் மாறும், வடிவமைப்பு முன்னேற முன்னேற அது மாறத்தான் வேண்டும். பதிவு எழுதியபடியே கிடக்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால்கூட அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும்.

ஆகவே கையில் ஒரு தாள் கிடைத்தால், அது ஆவணம் என்றால் "இன்றைக்குச் செல்லுபடியாவது இந்தப் பிரதிதானா?" என்று கேட்க வேண்டும். பதிவு என்றால் "இதை யார், எப்போது, எதை நேரில் பார்த்து எழுதினார்?" என்று கேட்க வேண்டும்.

வரைபடத்தின் வலது கீழ் மூலை

பெரிய திட்டம் ஒன்றில் வரைபடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டடக்கலை, கட்டமைப்பு, மின்சாரம், குழாய், தீயணைப்பு, குளிர்சாதனம் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று முறையாவது திருத்தப்படும். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் உண்டு. வரைபட எண், ரிவிஷன் எண், தேதி, ஒப்புதல் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். 'ஜி.எஃப்.சி.' என்று முத்திரை இருந்தால் கட்டுமானத்துக்கு ஏற்றது, இதை வைத்து வேலை செய்யலாம் என்று பொருள். அந்த முத்திரை இல்லாத வரைபடத்தை வைத்து ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. முந்தைய பிரதியிலிருந்து எது மாறியதோ அதைச் சுற்றி மேகம் போல ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் சிறு முக்கோணத்துக்குள் ரிவிஷன் எண்ணைப் போட்டிருப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. சென்னைக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம். தரைக்குக் கீழே மண்ணைத் தாங்கும் சுவருக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். என் கையிலிருந்த வரைபடம் ரிவிஷன் 2: 16 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளி. இரண்டு நாள் வேலை நடந்த பிறகு, கம்பி வளைக்கும் யார்டிலிருந்து மேஸ்திரி ஒரு தாளோடு வந்தார்.

"சார், எனக்கு வந்த கட்டிங் லிஸ்ட்டில் இருபது எம்.எம். என்று போட்டிருக்கிறது. நீங்கள் சுவரில் பதினாறு கட்டியிருக்கிறீர்கள். எதை நான் வெட்டுவது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரிவிஷன் 3 வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கம்பிப் பட்டியலைத் தயாரித்தவருக்கு அது மின்னஞ்சலில் போயிருந்தது. பணியிடத்துக்கு வர வேண்டிய பிரதி அலுவலக மேசையிலேயே தங்கிவிட்டது. கட்டிய கம்பியை எல்லாம் அவிழ்த்தோம். மேஸ்திரி கேட்காமல் இருந்திருந்தால் மூன்றாம் நாள் கான்கிரீட் ஊற்றியிருப்போம். பள்ளிப்படிப்பைத் தாண்டாத அந்த மனிதர், கையிலிருந்த தாளும் கண்ணெதிரே இருந்த சுவரும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டுகொண்டார். பொறியாளனான நான் தாளின் மூலையைப் பார்க்கவில்லை. இன்றுவரை, எந்த வரைபடத்தை விரித்தாலும் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது.

இந்தத் தவறு நேராமல் இருக்கத்தான் 'டிரான்ஸ்மிட்டல்' என்ற சீட்டு இருக்கிறது. இன்ன வரைபடம், இன்ன ரிவிஷன், இத்தனை பிரதி, இன்னாருக்கு, இன்ன தேதியில் அனுப்பப்பட்டது என்று எழுதி, பெற்றவரிடம் கையெழுத்து வாங்கும் சீட்டு. நல்ல பணியிடங்களில் புதிய பிரதியைக் கொடுக்கும்போதே பழையதைத் திரும்ப வாங்கி, 'ரத்து' என்று சிவப்பு மையில் முத்திரை குத்திவிடுவார்கள். புதியதைக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. பழையதை எடுத்தால்தான் மீதி முடியும்.

சோதனைச் சீட்டுகள் காணாமல் போனபோது

ஹாங்காங்கில் ஷா டின் – சென்ட்ரல் இணைப்பு என்று ஒரு ரயில் பாதைத் திட்டம். அதில் ஹுங் ஹாம் நிலையத்தை விரிவாக்கும் வேலை நடந்தது. 2018 மே மாதம், அங்கே சில கம்பிகளின் திருகுமுனைகள் வெட்டப்பட்டு, கப்ளருக்குள் முழுதாகத் திருகியது போலத் தோற்றம் தரும்படி வைக்கப்பட்டன என்ற செய்தி வெளிவந்தது. கப்ளர் என்பது இரண்டு கம்பிகளை முனையோடு முனை சேர்க்கும் திருகுக்குழாய். உள்ளே எவ்வளவு தூரம் கம்பி போயிருக்கிறது என்பதில்தான் இணைப்பின் வலு முழுவதும் இருக்கிறது. அந்த ஆண்டே அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது.

ஆணையத்தின் முன் வந்த பெரிய கேள்வி, எத்தனை முனைகள் வெட்டப்பட்டன என்பதோடு நிற்கவில்லை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள், அதற்கு என்ன எழுத்து இருக்கிறது என்று அது விரிந்தது. நிலையத்தை ஒட்டிய சுரங்க வழிகளிலும் ரயில்கள் நிறுத்துமிடத்திலும், 'வந்து சோதித்துக் கொடுங்கள்' என்று ஒப்பந்ததாரர் விண்ணப்பித்துக் கையெழுத்து வாங்க வேண்டிய படிவங்களில் பல காணவில்லை என்பது 2019 தொடக்கத்தில் தெரியவந்தது. ஆணையத்தின் விசாரணை வரம்பை அரசு அந்த இடங்களுக்கும் விரித்தது. நிலையத்தின் ஒரு பகுதியில், பக்கச் சுவரின் உச்சியில் கப்ளர் இணைப்புக்குப் பதிலாக நேர்க்கம்பிகளைப் போட்டுக் கட்டிவிட்டு, அந்த மாற்றத்தை வரைபடத்தில் உரிய முறையில் ஏற்றாமல் விட்டதும் வெளிப்பட்டது.

எழுத்து இல்லாதபோது கான்கிரீட்டைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கட்டி முடித்த தளங்களைப் பல இடங்களில் உடைத்துத் திறந்து, உள்ளே கப்ளர்களை அளந்து பார்த்தார்கள். உரிய பலப்படுத்தும் வேலைகளைச் செய்தால் கட்டமைப்பு பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆணையத்தின் இறுதி அறிக்கை 2020இல் வெளியானது. அந்தத் தாள்கள் நேரத்துக்கு எழுதப்பட்டு ஓர் அலமாரியில் இருந்திருந்தால், இத்தனை உடைப்புக்குத் தேவை இருந்திருக்காது.

நம்முடைய பணியிடங்களிலும் அதே வகைச் சீட்டு உண்டு. அதை ஆர்.எஃப்.ஐ. (ரிக்வெஸ்ட் ஃபார் இன்ஸ்பெக்ஷன்) என்பார்கள். அன்றன்றைக்கு வாங்க வேண்டிய கையெழுத்தை மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முப்பது சீட்டுகளில் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வில் கையெழுத்து. அதைப் பார்க்கும் தணிக்கையாளருக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். கம்பி மறைந்த பிறகு போட்ட கையெழுத்து எதற்கும் சாட்சி ஆகாது. போட்டவர் எதையும் பார்க்கவில்லையே!

கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும்

ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. புதியவர்கள் குழம்பும் இடம் இது. சோதிக்க வரச்சொல்லி எழுதுவதும் ஆர்.எஃப்.ஐ.தான், வரைபடத்தில் ஒரு சந்தேகத்தைக் கேட்டு எழுதுவதும் ஆர்.எஃப்.ஐ.தான் (ரிக்வெஸ்ட் ஃபார் இன்ஃபர்மேஷன்). எந்தப் பணியிடத்தில் சேர்ந்தாலும் அங்கே அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். (டி.பி.ஆர். கதையும் இதுதான்: அலுவலகத்தில் விரிவான திட்ட அறிக்கை, பணியிடத்தில் தினசரி முன்னேற்ற அறிக்கை.)

வாயால் கேட்டு வாயால் பதில் பெறுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒரு நிகழ்வு இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹையாட் ரீஜென்சி ஹோட்டல். அதன் பெரிய கூடத்தின் குறுக்கே, கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளில் தொங்கும் நடைபாலங்கள் இருந்தன. நான்காம் மாடி நடைபாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாலம். 1981 ஜூலை 17 அன்று மாலை, கூடம் நிறைய மக்கள் இருந்தபோது இரண்டும் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

மூல வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து ஒரே தண்டு இறங்கி இரண்டு நடைபாலங்களையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளத் தண்டில் நான்காம் மாடி உயரம் வரை திருகு வெட்டி நட்டை ஏற்றுவது கடினம் என்று, இரும்பு வேலை செய்தவர்கள் அதை இரண்டு தண்டுகளாக மாற்றினார்கள். ஒன்று கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு; இன்னொன்று மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு. கேட்பதற்குச் சின்ன மாற்றம். உறியை நினைத்துப் பாருங்கள். ஒரே கயிற்றில் மேலும் கீழுமாக இரண்டு பானைகளைக் கட்டினால், ஒவ்வொரு முடிச்சும் தன் பானையை மட்டும் தாங்கும். கீழ்ப்பானையை மேல்பானையின் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டால், மேல்முடிச்சு இரண்டு பானைகளின் எடையையும் சுமக்க வேண்டும். அங்கே நடந்தது அதுதான். நகர விதிகள் கேட்ட வலு மூல வடிவமைப்பிலேயே இல்லை. மாற்றம் அந்த இணைப்பின் சுமையை இரண்டு மடங்காக்கிவிட்டது.

மாற்றத்தைக் காட்டிய வரைபடங்களில் வடிவமைப்பாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. ஆனால் அந்த மாற்றத்துக்காக யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்கினோம் என்றது ஒரு தரப்பு. அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றது மறு தரப்பு. எழுத்தில் எதுவும் இல்லாததால் அந்த வாதம் அப்படியே நின்றுபோனது. அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி, சின்னப் படம் ஒன்று போட்டு அனுப்பியிருந்தால், பதில் எழுத வேண்டியவர் பேனாவை எடுக்கும் முன் படத்தை ஒரு முறையாவது உற்றுப் பார்த்திருப்பார். எழுதிக் கேட்பதன் பெரிய பயன் இதுதான் என்று நான் நம்புகிறேன். பிற்காலச் சாட்சியம் அதற்கு அடுத்தபடிதான்.

இன்று தொலைபேசியின் இடத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் 'ஓகே, செய்யுங்கள்' என்று பதில் வந்துவிடுகிறது. வேகத்துக்கு நல்லது, தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று மாலைக்குள் அதே கேள்வியும் பதிலும் ஓர் எண்ணோடு திட்டத்தின் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். செல்பேசி தொலையும், ஆள் மாறுவார், குழுவே கலைக்கப்படும்.

எம் புக்கும் கியூப் பதிவேடும்

அரசு வேலை பார்த்த எவருக்கும் எம் புக் தெரியும். பொதுப்பணித் துறை மரபில் வந்த அளவுப் புத்தகம். செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம். அதை வைத்துத்தான் பணம். அதற்குரிய கண்டிப்பைப் பாருங்கள். புத்தகத்துக்கு எண் உண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. மையில்தான் எழுத வேண்டும். சுரண்டி அழிக்கக் கூடாது. கீழ்நிலைப் பொறியாளர் அளந்து எழுதியதில் ஒரு பகுதியை மேலதிகாரிகள் நேரில் போய் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். உள்ளே, தூண்களின் அடித்தளமான ஃபுட்டிங்குகளுக்கு, ஒரு வரி இப்படி இருக்கும்:

ஃபுட்டிங் எஃப்1 முதல் எஃப்6 வரை: 6 × 2.10 × 2.10 × 0.45 = 11.907 கன மீட்டர்.

எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், அளவு. அவ்வளவுதான். ஆனால் இந்த வரியை எழுத ஒருவர் குழிக்குள் இறங்கி டேப் பிடித்திருக்க வேண்டும். மண் போட்டு மூடிய பிறகு 0.45 என்ற ஆழத்தை யாரும் அளக்க முடியாது. இப்போது பல துறைகளில் இது கணினிக்கு மாறிவிட்டது; குழிக்குள் இறங்கும் வேலை மட்டும் மாறவில்லை.

கியூப் பதிவேடு இன்னொரு நல்ல பாடம். கான்கிரீட் ஊற்றும்போதே 150 மி.மீ. கனசதுர அச்சுகளில் கொஞ்சம் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் அழுத்தி உடைத்து வலுவைப் பார்ப்பார்கள். எவ்வளவு கான்கிரீட்டுக்கு எத்தனை மாதிரி என்பதை ஐ.எஸ். 456 சொல்கிறது: 5 கன மீட்டர் வரை ஒன்று, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று, 31 முதல் 50 வரை நான்கு; அதற்கு மேல் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும் கூடுதலாக ஒன்று.

28ஆம் நாள் ஒரு மாதிரி தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே எழும் கேள்வி: இந்தக் கான்கிரீட் இப்போது கட்டடத்தில் எங்கே இருக்கிறது? கியூபின் மேல் எழுதிய எண்ணை வைத்துப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். பதிவேட்டிலிருந்து போர் கார்டுக்கு. போர் கார்டிலிருந்து லாரிச் சீட்டுக்கு, அதிலிருந்து கலவை ஆலையின் அன்றைய பதிவுக்கு, அங்கிருந்து சிமென்ட் வந்த லோடுக்கு. இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தால், 'மூன்றாம் தளத்தில் இந்த நான்கு தூண்கள்தான்' என்று விரல் வைத்துச் சொல்லலாம். அந்த நான்கில் மட்டும் கோர் (துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுத்துச் சோதிக்கலாம். ஒரு கண்ணி அறுந்திருந்தால் அந்தத் தளம் முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். ஆட்களுக்குச் சம்பளம் ஓடும், மேல்தள வேலை நிற்கும், வாரக்கணக்கில் நாள் போகும். கியூபின் மேல் 'சி14' என்று மட்டும் எழுதிவிட்டுப் போர் கார்டு எண்ணை எழுதாமல் விட்ட ஐந்து நொடிச் சோம்பலுக்கு அதுதான் விலை.

நாட்குறிப்பும் தடைப் பதிவேடும்

எகிப்தின் செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில், 2013இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே தலைமையிலான குழு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்த மிகப் பழையவை அவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் எழுதிய பணி நாட்குறிப்பு அவற்றில் இருக்கிறது. துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்கியதை நாள்வாரியாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு எழுந்த காலம் அது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர், இன்று எங்கே ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம் என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. என் பணியிட நாட்குறிப்பும் அதே கட்டங்கள்தானே!

இன்றைய நாட்குறிப்பில் வானிலை, எந்தப் பிரிவில் எத்தனை ஆட்கள், எந்த இயந்திரம் ஓடியது, எது பழுதாகி நின்றது, என்ன பொருள் வந்தது, யார் வந்து என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் நிரப்பினால் அது நாட்குறிப்பு அல்ல.

அதோடு சேர்ந்தது தடைப் பதிவேடு. வேலை நின்றால் ஏன் நின்றது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வேலை பாதித்தது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது. நவம்பர் 1 முதல் 10 வரை வடகிழக்குப் பருவமழையால் பள்ளம் நிரம்பி வேலை நின்றது. 6 முதல் 20 வரை வரைபடம் வராமல் நின்றது என்று கொள்வோம். மழைக்குப் 10 நாள், வரைபடத்துக்கு 15 நாள், மொத்தம் 25 என்று கூட்டக் கூடாது. 6 முதல் 10 வரையான 5 நாட்கள் இரண்டிலும் வருகின்றன. நிகரமாக 20 நாள்தான். இந்தக் கணக்கை அப்போதைக்கப்போது போட்டு இருவரும் ஒப்புக்கொண்டால், பின்னால் கால நீட்டிப்பு கேட்கும்போது பேச ஒரு தரை இருக்கும். எழுதாமல் விட்டால் மூன்று ஆண்டு கழித்து நடுவர் மன்றத்தில் இரு தரப்பும் தங்கள் தங்கள் நினைவோடு சண்டை போடும். பன்னாட்டு வேலைகளில் பரவலாகப் புழங்கும் ஃபிடிக் (பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் புத்தகம் இன்னும் கண்டிப்பானது: கூடுதல் நாளோ பணமோ கேட்பதற்கான காரணம் தெரியவந்த 28 நாட்களுக்குள் ஒப்பந்ததாரர் அறிவிப்புக் கடிதம் கொடுக்காவிட்டால், கேட்கும் உரிமையே போய்விடும்.

தேடினால் கிடைக்க வேண்டும்

எழுதுவது ஒரு பாதி. ஐந்து நிமிடத்தில் தேடி எடுக்க முடியாத தாள் இருந்தும் இல்லாததுதான். அதற்காகவே ஒவ்வொரு ஆவணத்துக்கும் திட்டம், கட்டடம், தளம், துறை, வகை, வரிசை எண் என்று பகுதி பகுதியாக ஓர் எண் தருவார்கள். எண்ணைப் பார்த்தாலே எந்தக் கட்டடத்தின் எந்தத் தளத்துக்கு எந்தத் துறை அனுப்பியது என்று தெரிந்துவிடும். கணினிக் கோப்பின் பெயரும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 'புதியது', 'இறுதி' என்றெல்லாம் கோப்புக்குப் பெயர் வைக்கக் கூடாது.

2018இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்ற பன்னாட்டுத் தரம், திட்டத்தில் உள்ள எல்லாருக்கும் பொதுவான ஒரே கணினிச் சேமிப்பிடம் வேண்டும் என்கிறது. அங்கே ஒவ்வொரு கோப்பும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: ஒரு குழு இன்னும் வரைந்துகொண்டிருப்பது, மற்றக் குழுக்கள் பார்க்கப் பகிர்ந்தது, ஒப்புதல் பெற்றுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது, காப்பகத்துக்குப் போனது. பணியிடத்தில் இருப்பவர் மூன்றாம் நிலையில் உள்ளதை மட்டும் எடுத்தால் போதும். மேலே நான் சொன்ன ரிவிஷன் 2 கதை அங்கே நடப்பது கடினம்.

இதையெல்லாம் ஓட்டுகிறவரை டாகுமென்ட் கன்ட்ரோலர் என்கிறோம். தகரக் கொட்டகையிலோ கன்டெய்னர் அறையிலோ, அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். பல பணியிடங்களில் அவரைக் குமாஸ்தாவாகத்தான் நடத்துகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை. எந்த வரைபடத்தில் வேலை நடக்கிறது, எந்தச் சோதனை பாக்கி, எந்தக் கடிதத்துக்குப் பதில் போகவில்லை என்று முழுத் திட்டத்தையும் ஒரே பார்வையில் அறிந்தவர் அவர் ஒருவர்தான். வாராந்திரக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். கூட்டத்தின் போக்கே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்படைக்கும் நாள்

கடைசி மாதத்தில் எல்லாரும் பெயின்ட்டையும் லிஃப்ட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் 'ஆஸ் பில்ட்' வரைபடங்கள் தயாராக வேண்டும். வடிவமைப்பில் எப்படி இருந்தது என்பதைக் கடந்து, உண்மையில் எப்படிக் கட்டினோம் என்று காட்டும் வரைபடங்கள். குழாய் இரண்டடி தள்ளிப் போயிருந்தால் அது அதில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் பழைய வரைபடத்தின் மேல் 'ஆஸ் பில்ட்' என்று முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தால், கட்டடத்தில் குடியிருக்கப்போகிறவர்களுக்குப் பொய் வழிகாட்டியைக் கொடுக்கிறோம்.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் 2017 ஜூன் 14 அன்று தீப்பற்றி 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, அரசு நியமித்த பொறியாளர் டேம் ஜூடித் ஹாக்கிட் 2018இல் தந்த அறிக்கை, கட்டடம் பற்றிய தகவல்கள் வடிவமைப்பிலிருந்து குடியிருக்கும் காலம் வரை அறுபடாத 'தங்க இழை' போலத் தொடர வேண்டும் என்றது. 2022இல் வந்த பிரிட்டனின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இங்கிலாந்தில் 18 மீட்டர் உயரமோ 7 மாடிகளோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்கு அது சட்டக் கடமையாகிவிட்டது.

நம்மூரில் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பெரிய வணிக வளாகங்களின் தளங்களில் கான்கிரீட்டுக்குள் இழுத்து முறுக்கேற்றிய எஃகு கேபிள்கள் இருக்கும். 12.7 மி.மீ. விட்டமுள்ள ஒரே இழையில் சுமார் பத்துப் பதினோரு டன் இழுவிசை நிரந்தரமாக அடைபட்டிருக்கும். இருபது ஆண்டு கழித்து அங்கே ஓர் உணவகம் வருகிறது. கழிவுநீர்க் குழாய்க்குத் தளத்தில் துளை போட வேண்டும். கோர் கட்டிங் மெஷினோடு ஓர் ஆள் வந்து நிற்கிறார். பராமரிப்பு அறையிலிருந்து ஒருவர் எண்ணைச் சொல்லி, அலமாரியிலிருந்து அந்தத் தளத்தின் ஆஸ் பில்ட் வரைபடத்தை எடுத்துவருகிறார். இருவரும் தரையில் விரித்து, வலது கீழ் மூலையைப் பார்க்கிறார்கள். பிறகு தூணிலிருந்து டேப் பிடித்து, கேபிள் போகும் வழியைச் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கு ஓரடி தள்ளி மெஷினை வைக்கிறார்கள்.